உடந்தை

அளவையியலுக்கு ஆள் வரவேயில்லை
இரண்டு தவணையாக.
புதன்கிழமை இரட்டைப் பாடவேளை
தகரத்துக்கு மேலே குரங்குகளுக்கும்
கீழே எங்களுக்கும் பொதுவாயிருந்தது.

அந்த வெற்றிடத்துக்குள்தான் வந்தா
மைதிலி ரீச்சர், பட்டதாரிப் பயிலுநர்.
நெல்லியடியிலிருந்து முதல் பஸ்,
மாங்குளத்தில் இறங்கி இன்னொன்று.
ஒட்டுசுட்டானுக்கு வந்து சேரும்போது
சேலைக் கரையில் கிரவல் தூசி.
"சோதினைக்கு வராது, ஆனாக் கேளுங்கோ" என்று
குழு, நியமம், வகிபாகம் என எழுதினா.
வகிபாகம் என்ற சொல்லை
ஒரு கிழமை முழுக்க
ஒருவரையொருவர் ஏசப் பாவித்தோம்.

ஒருநாள் புகைக் கதை.
அறைக்குள் கதவடியால் புகை வருகிறதாம்.
தனியே இருந்தவன் எழும்பிப் போய்ச் சொல்கிறானாம்.
கூட்டமாய் இருந்தவர்கள்
பக்கத்து முகத்தைப் பார்த்துப் பார்த்து
படிவம் நிரப்பிக்கொண்டே இருக்கிறார்களாம்.
கடைசி வாங்கிலிருந்து தர்மிகா:
"ரீச்சர், அது எங்கட ஆக்களில்லை.
நாங்களெண்டா புகைக்கு முதலே பங்கருக்குள்ள."
சிரித்தோம்.
நிறுத்தத் தெரியாமல் கொஞ்சம் கூடவே சிரித்தோம்.
ரீச்சர் வெண்கட்டியை மற்றக் கைக்கு மாற்றினா.

பிறகுதான் கோட்டுப் பரிசோதனை.
முதல்நாளே ஆறு பேரைக் கூப்பிட்டு
காரியாலயத்துக்குப் பின்னால், பாலையடியில்,
இரகசியம் சொன்னா:
நாளைக்கு மூன்றாவதுதான் சமன் என்று சொல்லுங்கோ.
சரியானது இரண்டாவது. அது உங்களுக்குத் தெரியும்.
சிரிக்கக் கூடாது.
உங்களுக்குப் பெயர் உடந்தையாளர்.

ஏழாவது ஆள் குகநேயன்.
கைவேலியிலிருந்து மாறி வந்தவன்,
கொப்பி ஓரமெல்லாம் லான்ட்மாஸ்ரர் கீறுகிறவன்,
கேட்டால் மட்டும் வாய் திறப்பவன்.

கரும்பலகையில் இடப்பக்கம் ஒரு கோடு,
வலப்பக்கம் மூன்று.
"எது சமன்?"
மூன்று, என்றான் ஜெனுசன்.
மூன்று, என்றாள் தர்மிகா, சிரிப்பை இருமலுக்குள் ஒளித்து.
மூன்று.
நான் நான்காவது.
நாக்குத் தடக்குமென்று நினைத்திருந்தேன்.
மூன்று, என்றேன்.
தடக்கவில்லை.
மூன்று. மூன்று.

குகநேயன் பலகையை ஒருதரம்தான் பார்த்தான்.
பிறகு எங்களைப் பார்த்தான், ஒவ்வொருவராக,
சந்தையில் மீனின் பூவைத் தூக்கிப் பார்ப்பதுபோல.
"ரெண்டு."

ரீச்சருக்குச் சந்தோசமா ஏமாற்றமா தெரியவில்லை.
ஏன், என்றா.
எழும்பி நின்றான்.
மேசையில் ஒட்டியிருந்த நன்கொடை ஸ்ரிக்கரை
நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னான்:
"ஆறு பேரும் ஒரே சொல்லு, ரீச்சர்.
ஒருத்தரும் யோசிக்கேல்லை.
ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம் எண்டு விளங்கிச்சு.
கூட்டங்களில கை உயர்த்தேக்க இப்பிடித்தான்."
எந்தக் கூட்டம் என்று அவன் சொல்லவில்லை.
எந்தக் காலத்துக் கூட்டம் என்று
ரீச்சரும் கேட்கவில்லை.

அட்டவணை கீறினா.
இணங்கியோர் பூச்சியம், இணங்காதோர் ஒன்று.
உடந்தையாளருக்கு நிரல் இல்லை.
நாங்கள் சொன்னதை அளக்கத் தேவையில்லையாம்,
நாங்கள் தராசுப் படிக்கல் மாதிரியாம்.
படிக்கல்லை யார் நிறுப்பது?

நிறுத்திருந்தால் இதைக் கண்டிருப்பா:
ஐந்தாமவன் வாய் திறக்க முன்னமே
மூன்றாம் கோடு எனக்குக் கொஞ்சம்
குட்டையாகிப் போயிருந்தது.
கிட்டத்தட்டச் சமன்தானே என்று பட்டது.
பொய் சொன்ன வாய்க்குத் துணையாக
கண்ணும் இரண்டு விரற்கடை
விட்டுக் கொடுத்தது.

பள்ளி விட்டபின் நின்றேன்.
கணித அறையிலிருந்து மர அடிமட்டத்தை
எடுத்துவந்து அளந்தேன்.
இரண்டாவது நாற்பத்தொரு சதமமீற்றர்.
மூன்றாவது நாற்பத்தெட்டு.
ஏழு சதமமீற்றர். ஒரு சின்னவிரல் நீளம்.
தெரிந்ததுதான்.
இருந்தும் இன்னொருதரம் அளந்தேன்.

வெளியே பஸ் ஹோன் அடித்தது.
உள்ளங்கையால் மூன்றாவதை மட்டும் அழித்தேன்.
போகவில்லை.
முன்பைவிட அகலமாய்
வெளிறிக் கிடந்தது.

பஸ்ஸில் குகநேயனுக்குப் பக்கத்தில்
ஓர் இருக்கை காலியாயிருந்தது.
கற்சிலைமடு மட்டும்
நின்றுகொண்டே வந்தேன்.